கூடிய விரைவில் என்றால் எப்போது?

ஜனாதிபதி பதினான்கு கேள்விகள் கேட்டார். 2025 நவம்பர் 20-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள். சட்டசபை நிறைவேற்றி அனுப்பும் மசோதாவின் மீது இத்தனை நாளுக்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று கவர்னருக்குக் கோர்ட்டு கெடு விதிக்க முடியாது. கெடு கடந்துவிட்டால் ஒப்புதல் தந்ததாகவே கொள்ளலாம் என்றும் கோர்ட்டு சொல்ல முடியாது. இதுதான் அந்தப் பதிலின் சாரம். காரணம் சொல்லாமல் மசோதாவைக் காலவரையின்றிப் போட்டு வைக்கவும் கவர்னருக்கு உரிமையில்லை என்று அதே நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். நீண்ட காலம் அவர் வாளாவிருந்தால், "ஏதாவது ஒரு முடிவு செய்யுங்கள்" என்று மட்டும் கோர்ட்டு சொல்லலாமாம். என்ன முடிவு என்று சொல்லக்கூடாதாம். எத்தனை மாதம் போனால் 'நீண்ட காலம்' என்பதும் சொல்லப்படவில்லை.

கோர்ட்டு விவகாரம், வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று ஷிப்டு மாறும் நேரத்தில் மில் வாசலில் பத்திரிகையைப் புரட்டும் தோழர் நினைக்கக்கூடும். அப்படி நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இந்த விவகாரம் வக்கீலைவிட அவருக்குத்தான் நன்றாகப் புரியும். போனஸ் கேட்டுப் போகிறவரிடம் மானேஜர் 'முடியாது' என்று சொல்லிவிட்டால் அடுத்த வழி தெரியும். சங்கம் இருக்கிறது, லேபர் ஆபீஸ் இருக்கிறது, தொழிலாளர் கோர்ட்டு இருக்கிறது, எதுவும் நடக்காவிட்டால் வேலை நிறுத்தம் இருக்கிறது. ஆனால் அந்த மானேஜர் மனுவைச் சிரித்த முகத்தோடு வாங்கி, டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, "பார்க்கலாம்" என்று சொன்னால்? அடுத்த மாதம் கேட்டால் "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றால்? எதை எதிர்த்து வழக்குப் போடுவது? எதை எதிர்த்துக் கொடி பிடிப்பது? 'இல்லை' என்ற சொல்லோடு மல்லுக்கட்டலாம். வாயே திறக்காதவரோடு மல்லுக்கட்டுவது எப்படி?

மாநிலங்களை அடக்கி வைக்க டில்லியின் கையில் இன்றுள்ள ஆயுதம் மறுப்பு அல்ல, தாமதம். இதுதான் நாம் சொல்ல வருவது. சட்டத்தைக் கவர்னர் மேசையில் தாமதப்படுத்துவது ஒன்று. பணத்தை மத்திய இலாகாக்களின் மேசையில் தாமதப்படுத்துவது இன்னொன்று. மேசை இரண்டு, பூட்டுக்குச் சாவி ஒன்று.

முதலில் கவர்னர் மேசையைப் பார்ப்போம்.

அரசியல் சட்டத்தின் 200-வது பிரிவு என்ன சொல்கிறது? சட்டசபை நிறைவேற்றிய மசோதா கவர்னரிடம் போனால் அவர் ஒப்புதல் தரலாம். ஒப்புதலை நிறுத்தி, 'மறுபடி யோசியுங்கள்' என்று சபைக்குத் திருப்பலாம். ஜனாதிபதியின் பார்வைக்கு அனுப்பலாம். திருப்புவதானால் 'கூடிய விரைவில்' திருப்ப வேண்டும். திருப்பி வந்த மசோதாவைச் சபை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் அவர் ஒப்புதலை நிறுத்தி வைக்கக்கூடாது. வெள்ளைக்காரன் எழுதிய 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75-வது பிரிவிலே, கவர்னர் இதைத் 'தம் விருப்பப்படி' செய்யலாம் என்று ஒரு சொல் இருந்தது. சுதந்திர நாட்டுக்குச் சட்டம் எழுதியவர்கள் அந்தச் சொல்லை வெட்டி எறிந்தார்கள். 'கூடிய விரைவில்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். வெட்டிய சொல் எழுபத்தைந்து ஆண்டு கழித்து உயிர் பெற்று வந்திருக்கிறது: மசோதாவைத் திருப்புவதா, ஜனாதிபதிக்கு அனுப்புவதா என்பதில் கவர்னருக்கு மந்திரி சபையின் ஆலோசனைக்குக் கட்டுப்படாத விருப்புரிமை உண்டு என்பதும் 2025 நவம்பர் பதிலில் அடங்கியிருக்கிறது. சேர்த்த சொல்லின் கதி என்ன என்பதைத் தமிழ்நாடு கண்டது.

2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரையில் தமிழ்நாட்டுச் சட்டசபை நிறைவேற்றி அனுப்பிய 12 மசோதாக்கள், பெரும்பாலும் பல்கலைக்கழகங்களைப் பற்றியவை, ராஜ்பவனில் தங்கின. திருப்பவும் இல்லை, ஒப்பவும் இல்லை. 2023-ல் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. வழக்கு விசாரணைக்கு வந்த பிறகு, அந்த நவம்பர் 13-ஆம் தேதி, பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் இல்லை என்று கவர்னர் ஆர்.என். ரவி அறிவித்தார். ஐந்தே நாளில், 18-ஆம் தேதி, சட்டசபை சிறப்புக் கூட்டம் கூடிப் பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. சட்டப்படி அடுத்து வர வேண்டியது கையெழுத்து. வந்ததோ தபால்! 28-ஆம் தேதி பத்து மசோதாக்களும் ஜனாதிபதிக்கு அனுப்பப்பட்டன. அங்கே ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது, ஏழு நிராகரிக்கப்பட்டன, இரண்டு எடுத்துப் பார்க்கப்படவே இல்லை.

2025 ஏப்ரல் 8-ஆம் நாள் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் இதைச் சட்ட விரோதம் என்று தீர்த்தார்கள். பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையே என்றார்கள். இனிமேல் ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடுவும் வைத்தார்கள். ஏப்ரல் 11-ல் பத்துச் சட்டங்களும் கெஜட்டில் ஏறின. இனிப்பு வழங்கியவர்கள் உண்டு. ஆனால் மே மாதம் 13-ஆம் தேதி ஜனாதிபதியின் பதினான்கு கேள்விகள் கிளம்பின; மே 21-ல் துணைவேந்தர் நியமனம் பற்றிய பகுதிகளுக்குச் சென்னை ஹைகோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது; நவம்பரில் கெடுவே போயிற்று. 1857-ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டு தொடங்கித் துணைவேந்தர் இல்லாமல் காலம் தள்ளியது. கவர்னரும் கோட்டையும் சண்டையிட்ட அந்தக் காலத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? வெளிநாடு போய்ப் படிக்க வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் அல்ல.

பல்கலைக்கழகம் வேண்டாம், ஆன்லைன் சூதாட்டத்தை எடுத்துக்கொள்வோம். சம்பள நாளன்றே கைப்பேசி ரம்மியில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போக முகமில்லாமல் நின்றவர்களை நம் தோழர்கள் தங்கள் தெருவிலேயே பார்த்திருப்பார்கள். 2022 அக்டோபரில் அதைத் தடுக்க அவசரச் சட்டம் வந்தது, கவர்னர் கையெழுத்திட்டார். அதே மாதம் 19-ஆம் தேதி அதையே சட்டசபை மசோதாவாக நிறைவேற்றியது. அதற்குக் கையெழுத்து இல்லை! அவசரத்துக்கு ஒத்துக்கொண்ட பேனா, சபை சொன்னதற்கு மை வற்றிப் போயிற்று. 2023 மார்ச்சில் மசோதா திரும்பி வந்தது. மார்ச் 23-ல் சபை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 10-ஆம் தேதி, கவர்னர்களுக்குக் காலக்கெடு வேண்டும் என்று சட்டசபை தீர்மானம் போட்டது. அன்றைக்கே ஒப்புதல் வந்துவிட்டது. அன்று காலைவரை இல்லாத எந்தச் சட்ட ஞானம் அன்று மாலைக்குள் பிறந்தது என்பதை நாம் ஆராயப் போவதில்லை. தீர்மானம் போட்ட நாளில் போடக்கூடிய கையெழுத்தை ஐந்து மாதத்துக்கு முன்னாலும் போட்டிருக்கலாம்.

இதை ஒரு மனிதரின் குணக்கேடு என்று எண்ணினால் ஏமாந்து போவோம். பஞ்சாபிலும் கேரளத்திலும் தெலங்கானாவிலும் இதே வழக்கு, இதே காலத்தில், வேறு வேறு கவர்னர்கள் மேல் நடந்தது. பஞ்சாப் வழக்கில் 2023 நவம்பர் 10-ல் வந்த தீர்ப்பும், மசோதாவைக் காலவரையின்றி நிறுத்தி வைக்கக் கவர்னருக்கு அதிகாரமில்லை என்றுதான் சொல்லியது. பழுது ஆளில் அல்ல, பதவியில்.

நல்லவர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 1991 ஜனவரியில் தி.மு.க. ஆட்சியைக் கலைக்க டில்லி முடிவு செய்தது. அறிக்கை கொடுக்கும்படி கேட்டபோது கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்துவிட்டார். என்ன ஆயிற்று? கவர்னரின் அறிக்கை 'அல்லது வேறு வகையில்' என்று 356-வது பிரிவில் ஒரு சந்து இருக்கிறதே, அந்தச் சந்து வழியாக ஜனவரி 30-ல் ஆட்சி கலைக்கப்பட்டது. பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். டில்லிக்கு ஆகும் கவர்னர் பயன்படுவார். ஆகாத கவர்னர் மாற்றப்படுவார்.

மூலத்தைத் தேடிப் போனால் 1949-க்குப் போக வேண்டும். கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் அரசியல் நிர்ணய சபையில் முதலில் யோசித்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த கவர்னரும் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் மந்திரியும் ஓர் உறையில் இரண்டு கத்தி ஆவார்களே என்று அஞ்சி, கவர்னரை நியமனப் பதவியாக்கினார்கள். அச்சம் நியாயமானதுதான். ஆனால் கத்தி ஒன்றாகவில்லை. ஒரு கத்தியின் பிடி மட்டும் டில்லிக்குப் போயிற்று. மை உலருமுன்பே வேலையும் தொடங்கிற்று. 1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, அவரை முதல் மந்திரியாக அழைத்தார் கவர்னர் ஸ்ரீபிரகாசா. கேரளத்தில் கம்யூனிஸ்டு மந்திரி சபை 1957-ல் கொண்டுவந்த கல்வி மசோதாவைக் கவர்னர் ஜனாதிபதிக்கு அனுப்பினார். ஜனாதிபதி சுப்ரீம் கோர்ட்டைக் கேட்டார். 1958 மே மாதம் கோர்ட்டின் கருத்து வந்தது. திருத்தி எழுதிய மசோதாவுக்கு 1959 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. கிடைத்து ஆறு மாதம் ஆவதற்குள், ஜூலை 31-ல், மந்திரி சபையையே கலைத்துவிட்டார்கள்.

கலைப்பது அந்தக் காலத்து வழி. தலையை எடுத்துவிட்டால் மசோதாவைப் பற்றிக் கவலை எதற்கு? 1994 மார்ச் 11-ல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்த வழிக்கு முள்வேலி போட்டார்கள். பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சபையில்தான் பார்க்க வேண்டும், கலைப்பு உத்தரவைக் கோர்ட்டு ஆராயலாம் என்று ஆனது. அதற்குப் பிறகு மாநில ஆட்சியைக் கலைப்பது அரிதாயிற்று. ஆட்சியை இருக்கவிட்டு அதன் கையைக் கட்டுவது எளிதாயிற்று. ஆட்டுக்குத் தாடி என்ற உவமையைக் கேட்டுச் சிரித்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. தாடியால் ஆட்டுக்கு உபகாரமுமில்லை, உபத்திரவமுமில்லை. இது தாடியல்ல, கயிறு. நுனி டில்லியில் இருக்கிறது.

கமிஷன்கள் இதையெல்லாம் சொல்லாமல் இல்லை. ராஜமன்னார் குழு 1971-ல் சொல்லியது. சர்க்காரியா கமிஷன் 1988-ல் சொல்லியது. பூஞ்ச்சி கமிஷன் 2010-ல், மசோதா மீது முடிவுக்கு ஆறு மாதம் கெடு வையுங்கள் என்று எழுதியே கொடுத்தது. அந்த அறிக்கைகளையும் கூடிய விரைவில் கவனிப்பார்கள் போலும்.

இனி இரண்டாவது மேசை. சட்டம் போடுவதற்குக் கவர்னரின் கையெழுத்து வேண்டும். போட்ட சட்டத்தை நடத்துவதற்குப் பணம் வேண்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ், ரேஷன் கடை, கிராமத்துச் சாலை என்று ஏழையின் கண்ணில் படும் சர்க்கார் அநேகமாக மாநில சர்க்கார்தான். பெரிய வரிகளெல்லாம், வருமான வரி, கம்பெனி வரி, சுங்க வரி, டில்லியின் கையில்.

ஒரு காலத்தில் மாகாணத்துக்கென்று ஒரு வலுவான வரி இருந்தது. பொது விற்பனை வரி என்ற ஒன்றை 1939-ல் இந்தியாவுக்கே கற்றுக் கொடுத்தது சென்னை மாகாணம். மதுவிலக்கால் வந்த நஷ்டத்தை ஈடுகட்ட ராஜாஜி மந்திரி சபை கண்டுபிடித்த வழி அது. வரி நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். அதைப் போடுவதும் குறைப்பதும் இங்குள்ள சபையின் உரிமையாக இருந்தது. 2017 ஜூலை 1-ஆம் தேதி அது ஜி.எஸ்.டி.க்குள் கரைந்தது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய சர்க்காரின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கூட்டிப் பார்க்கட்டும் தோழர்கள். இந்தியாவின் எல்லா மாநிலங்களும் ஒன்றாய்ச் சேர்ந்து கை தூக்கினாலும் டில்லி சம்மதிக்காமல் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. வருமானக் குறைவுக்கு ஈடு தருகிறோம் என்று ஐந்து வருஷம் தந்தார்கள். 2022 ஜூன் 30-உடன் அது முடிந்தது. விற்றுவிட்ட நிலம் மட்டும் திரும்பவில்லை.

மிஞ்சியிருப்பது நிதிக் கமிஷன் பிரித்துத் தரும் பங்கு. 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக் கமிஷன், பங்கிடக்கூடிய மத்திய வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்றது. கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது. 'பங்கிடக்கூடிய' என்ற சொல்லில்தான் சூட்சுமம். செஸ் என்றும் சர்சார்ஜ் என்றும் பெயர் வைத்து வாங்கும் வரியைப் பங்கிட வேண்டியதில்லை.

பெட்ரோல் பங்கில் நிற்கும் தோழருக்காக ஒரு கணக்கு. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு பெட்ரோல் லிட்டருக்கு மத்திய கலால் வரி 19 ரூபாய் 90 காசு. அதில் தனிக் கூடுதல் வரி 11 ரூபாய். சாலை செஸ் 5 ரூபாய். விவசாய செஸ் 2 ரூபாய் 50 காசு. இவற்றில் எதுவும் பங்கிடும் பானைக்குள் வராது. வருவது அடிப்படை வரி. அது 1 ரூபாய் 40 காசு! அந்த ஒன்றே முக்கால் ரூபாய்கூட இல்லாத காசில் 41 சதவீதம், அதாவது 57 காசு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம்: லிட்டருக்கு இரண்டு காசு, சில்லறை. 2025 ஏப்ரலில் இன்னும் 2 ரூபாய் ஏற்றினார்கள். அதையும் பங்கிடாத தனி வரியிலேயே ஏற்றினார்கள். பெட்ரோல் மீது மாநில சர்க்காரும் தனி வரி வாங்குகிறது, அதை நாம் மறைக்கவில்லை. டில்லி வாங்குவதில் திரும்பி வருவது எவ்வளவு என்பதே இங்கே பேச்சு.

பங்கு தவிர மற்றது 'திட்ட உதவி'. உதவி என்ற பெயரே அநியாயம்; மக்கள் கட்டிய வரி. ஆனாலும் வாங்குகிறவன் கைதாழ்ந்துதான் நிற்க வேண்டியிருக்கிறது. 'சமக்ர சிக்ஷா' என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் 60 பங்கு டில்லியுடையது, 40 பங்கு மாநிலத்துடையது. 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய். 'பி.எம். ஸ்ரீ' ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போட்டால் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஏற்றதாகும், மும்மொழி வரும். சட்டசபை ஏற்காத கொள்கையைப் பணத்தைக் காட்டி ஏற்கச் சொன்னார்கள். 'தர மாட்டோம்' என்று உத்தரவு போட்டார்களா? இல்லை. பணத்தை அனுப்பாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். 2025 மே மாதம் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலை அந்த ஆண்டு அக்டோபர் வரை தள்ளிப் போயிற்று. இரண்டு சர்க்காரும் ஒருவரையொருவர் கைகாட்டிய மாதங்களில், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது யார்? கேரள சர்க்கார் 2025 அக்டோபரில் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. கூட்டணிக்குள் எதிர்ப்புக் கிளம்பவே நிறுத்தி வைத்தது. இடதுசாரி மந்திரி சபையைக்கூடப் பேனாவை எடுக்க வைத்துவிட்டதென்றால் அந்தப் பட்டினியின் வலுவைப் புரிந்துகொள்ளலாம்.

மேற்கு வங்காளத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. அங்கே 2022 மார்ச் 9-ஆம் தேதி ஊரக வேலைத் திட்டத்துக்குப் பணத்தை நிறுத்தினார்கள். ஊழல் நடந்தது என்று காரணம் சொன்னார்கள். சில மாவட்டங்களில் திருட்டு நடந்ததும் உண்மைதான். திருடியவனைப் பிடி, சிறையில் தள்ளு, யார் வேண்டாம் என்றது? ஆனால் மண்வெட்டி பிடித்தவனுக்கு ஏன் தண்டனை? குளம் வெட்டி முடித்த கூலியே பாக்கி நின்றது. 2024-ல் மாநில சர்க்கார் தன் கஜானாவிலிருந்து பாக்கிக் கூலியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டு 1 முதல் திட்டத்தைத் திரும்ப நடத்துங்கள் என்று கல்கத்தா ஹைகோர்ட்டு உத்தரவிட்டது; அதை எதிர்த்த அப்பீலை அக்டோபர் 27-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளியது. கிட்டத்தட்ட மூன்றரை ஆண்டு. அந்த வருஷங்களில் எத்தனை பேர் ஊரைவிட்டுக் கிளம்பித் திருப்பூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்கு வந்தார்களோ! இங்கே சாரத்தின் மேல் நம்மோடு நின்று வேலை செய்யும் வங்காளத் தொழிலாளியை "வடக்கத்தியான்" என்று முகம் சுளிக்கும் தோழர், அவன் ஊரில் யார் பணத்தை நிறுத்தினார்கள் என்று ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தக் கோர்ட்டுச் சண்டை முடிந்து இரண்டு மாதம் ஆகுமுன், 2025 டிசம்பரில், அந்த வேலைத் திட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 100 நாள் வேலையை 125 நாள் ஆக்கினார்களாம், நல்லது. பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய சர்க்காருடையது. புதியதில் பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதம் ஏற்க வேண்டும். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பதை டில்லி தீர்மானிக்கும். அதற்கு மேல் செலவானால் மாநிலத்தின் தலையில். நாள் கூடியது காகிதத்தில். பாரம் கூடியது தோளில்.

எதிர்த்தரப்பார் சொல்வதையும் கேட்போம். "மாநிலச் சபை மோசமான சட்டம் போட்டால் தடுக்க ஒருவர் வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டும். தடுக்கிறவர் காரணத்தை எழுதி, தேதி போட்டு, சபைக்குத் திருப்பட்டும். சபை பதில் சொல்லட்டும். அரசியல் சட்டத்துக்கு முரணென்றால் கோர்ட்டு அடித்துப் போடட்டும். நாம் தடையை எதிர்க்கவில்லை. பேசாமலிருப்பதை எதிர்க்கிறோம். "தேசிய ஒருமைப்பாடு" என்கிறார்கள். கூலி பாக்கியால் எந்த ஒருமைப்பாடு வளர்ந்தது என்று சொன்னால் தெரிந்துகொள்வோம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நம் தோழர்கள் சிலருக்குக் கசக்கலாம். டில்லி கோட்டைக்குச் செய்வதைக் கோட்டை கிராமத்துக்குச் செய்யக்கூடாது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அதிகாரிகளைப் போட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இருக்க வேண்டிய நாற்காலியில் மேலிருந்து அனுப்பிய ஆபீசர் உட்கார்ந்தால் அவர் யார்? சின்னக் கவர்னர்தானே! மாநில சுயாட்சி பேசும் எந்தக் கட்சி கோட்டையில் இருந்தாலும் இந்தக் கேள்வியை நாம் கேட்போம். நம் கோரிக்கைக்கு இந்த நியாயம் இல்லாவிட்டால் வடக்கே அதைக் கேட்க ஆள் கிடைக்காது.

ஆள் கிடைத்தாக வேண்டும்; ஏனென்றால் கோர்ட்டின் கதவு இனிப் பாதிதான் திறந்திருக்கிறது. 'கூடிய விரைவில்' என்ற இடத்தில் 'முப்பது நாளுக்குள்' என்று எழுதவும், செஸ்ஸையும் சர்சார்ஜையும் பங்கிடும் பானைக்குள் கொண்டுவரவும் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். அதற்குப் பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். லோக் சபையில் இடங்கள் 543. முழுச் சபையும் வந்து ஓட்டுப் போட்டால் 362 பேர் கை தூக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 39. கேரளம் 20, கர்நாடகம் 28, தெலங்கானா 17, பஞ்சாப் 13, வங்காளம் 42. அத்தனை பேரும் கட்சி வேற்றுமை மறந்து வந்தாலும் 159. இந்தக் கணக்கைத் தோழர்களிடமிருந்து மறைத்துப் பிரயோஜனமில்லை. உத்தரப் பிரதேசமும் பீகாரும் வராமல் காரியம் நடக்காது.

அவர்கள் ஏன் வர வேண்டும்? மறுபடி பெட்ரோல் பங்குக்கே போவோம். 19 ரூபாய் 90 காசும் பானைக்குள் வந்திருந்தால் மாநிலங்களுக்கு லிட்டருக்கு 8 ரூபாய் 16 காசு போயிருக்கும். அதில் தமிழ்நாட்டுக்கு 33 காசு. பீகாரின் பங்கு 10.058 சதவீதம், அதற்கு 82 காசு. உத்தரப் பிரதேசத்தின் பங்கு 17.939 சதவீதம், அதற்கு 1 ரூபாய் 46 காசு. கிடைத்தது என்ன? நமக்கு இரண்டு காசு, பீகாருக்கு ஆறு காசு, உத்தரப் பிரதேசத்துக்குப் பத்துக் காசு. செஸ் என்ற பெயரில் டில்லி அதிகம் பறித்தது நம்மிடமல்ல, கான்பூர்க்காரனிடமும் பாட்னாக்காரனிடமும். அவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

நாம் சொல்லலாம். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் ஒரகடம் தொழிற்சாலையிலும் நம் பக்கத்து மெஷினில் நிற்கிறவர் அந்த ஊர்க்காரர்தான். ஓட்டு அங்கே இருக்கிறது, வேலை இங்கே. சத்துணவுக் கூடமும் அரசு ஆஸ்பத்திரியும் தன் ஊரில் ஏன் இப்படி இல்லை என்று அவர் கேட்கும்போது, நம்மூர்ப் பெருமையை அளக்காமல் இந்த ஒரு ரூபாய் நாற்பத்தாறு காசுக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். கிளைகள்தோறும் துண்டுப் பிரசுரமாக அச்சடியுங்கள். இந்தியிலேயே அச்சடியுங்கள், திணிப்பைத்தான் நாம் எதிர்த்தோம். தீபாவளிக்கும் சாத் பூஜைக்கும் ஊருக்குக் கிளம்புகிறவர்களின் பையில் ஆளுக்குப் பத்துப் பிரதி போகட்டும். அவர்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.